விண்டோஸ் மறுபடி போடும்போது கோப்புகளைக் காப்பது எப்படி? எந்த வழி யாருக்குச் சரி?

"டேட்டா ஏதும் வேணுமாக்கா?" என்று கடைக்காரத் தம்பி கேட்டார். "முக்கியமானதெல்லாம் டி-ல இருக்கு தம்பி, நீங்க ஃபார்மட் போட்டுடுங்க" என்று அக்கா சொன்னார். மறுநாள் லேப்டாப் புதிது போல வந்தது. டி டிரைவில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஆனால் மகள் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை எடுத்த படங்களை அக்கா டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார். லேப்டாப்பைத் திறந்ததும் கண்ணெதிரே இருப்பதால் அதுதான் பத்திரமான இடம் என்று நினைத்திருக்கிறார். டெஸ்க்டாப்பும், விண்டோஸ் இருக்கிற, ஃபார்மட் போட்டால் முழுதாக அழிகிற சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கடைக்காரர் கேட்டுவிட்டுத்தான் செய்தார். அக்காவும் தெரிந்ததைத்தான் சொன்னார். இருவர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் சொந்தத்திலும் யார் கணினிக்கு ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போடுவதென்றாலும் முதலில் நான் உட்கார்ந்து பார்க்கிறேன். மறுபடி நிறுவுவதற்கு ஒரே வழிதான் உண்டு, அது 'ஃபார்மட்' என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நாலைந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றை அழிக்கும். அதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.

முதலில், கோப்புகள் எங்கே இருக்கின்றன?

சி டிரைவில் யூசர்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் நம் பெயரில் ஒன்று. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்ட இன்னொரு ஃபோல்டரும் உண்டு. அதன் பெயர் ஆப்டேட்டா. குரோம், ஃபயர்பாக்ஸ் புக்மார்க்குகள், சேமித்த கடவுச்சொற்கள், தண்டர்பேர்டில் இறக்கி வைத்த மின்னஞ்சல்கள், திரையில் ஒட்டி வைக்கும் ஸ்டிக்கி நோட்ஸ் எல்லாம் இதற்குள் கிடக்கும். 'உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்கிறேன்' என்று விண்டோஸ் சொல்லும்போது பல நேரம் இந்த ஆப்டேட்டா அந்தக் கணக்கில் வராது. படம் இருக்கும், பாட்டு இருக்கும், ஆனால் பத்து வருட மின்னஞ்சல் இருக்காது.

கடை கணக்கு டாலியில் இருந்தால், டாலிக்குள் போய் டேட்டா பாத் என்ன என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது சி-யில் இருக்கிறதா, டி-யில் இருக்கிறதா என்பது அன்றைக்கு நிறுவிக் கொடுத்தவர் எப்படிச் செய்தார் என்பதைப் பொறுத்தது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துமுறையான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது 2010-இல். அதற்கு முன்பும், அதற்குப் பின் பல வருடங்களும், கல்யாணப் பத்திரிகை முதல் ஆய்வேடு வரை பாமினி, வானவில், டாம், டாப் என்று ஏதாவதொரு பழைய எழுத்துருவில்தான் அடித்தார்கள். அந்த எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் கிடக்கின்றன. புதிதாக நிறுவினால் அவை போய்விடும். கோப்பு அப்படியே இருக்கும், ஆனால் திறந்தால் பாமினியில் 'அம்மா' என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகள் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்தவர்களும் உண்டு. கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆகவே எந்த வழியில் போனாலும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு மென்பொருள்களின் நிறுவுகோப்பு இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

மேலேயே போடுவது

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் அதையே மறுபடி நிறுவலாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, அதை இருமுறை சொடுக்கினால் ஒரு டிரைவ் போலத் திறக்கும். அதற்குள் இருக்கும் செட்டப்பை ஓட்டினால், எதை வைத்துக்கொள்வது என்று ஓரிடத்தில் கேட்கும். கோப்புகள், செயலிகள் இரண்டையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் டாலி, எம்எஸ் ஆஃபீஸ், பிரின்டர், எழுத்துருக்கள், ஆப்டேட்டா எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் மட்டும் புதிதாகும்.

அப்டேட் ஏறாமல் முரண்டு பிடிப்பது, ஸ்டார்ட் மெனு திறக்காதது, ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு காணோம் என்று தினமும் செய்தி வருவது போன்ற கோளாறுகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் கடைகளில் இதை அதிகம் செய்வதில்லை. நேரம் பிடிக்கும், ஃபார்மட் சீக்கிரம் முடியும்.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. விண்டோஸ் டெஸ்க்டாப் வரை திறக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால், அதாவது கணினியை அதிலிருந்து தொடங்கினால், இந்த வழி கிடைக்காது. ஐஎஸ்ஓவின் மொழியும் பதிப்பும் இப்போது இருப்பதோடு பொருந்த வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும் விண்டோஸுக்குப் பிரிட்டிஷ் ஆங்கில ஐஎஸ்ஓவைக் கொடுத்தால், செயலிகளை வைத்துக்கொள்ளும் தெரிவு மங்கலாகிவிடும், சொடுக்க முடியாது. அப்படி மங்கலாக இருந்தால் மேலே போகாதீர்கள். ரத்து செய்துவிட்டுச் சரியான ஐஎஸ்ஓவை இறக்குங்கள்.

வைரஸ் புகுந்த கணினிக்கு இது உதவாது. செயலிகளை வைத்துக்கொள் என்று சொன்னால் கெட்டதும் கூடவே தங்கிவிடும்.

ரீசெட்

செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அழுத்தினால் இரண்டு தெரிவுகள்: 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்'. இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே அளவில் நிற்கும். அவசரத்தில் கை தவறக்கூடிய இடம் இது.

முதல் தெரிவின் பெயர் எனக்கு எப்போதும் உறுத்தும். கோப்புகளை வைத்துக்கொள்வதாகச் சொல்லும் இது செயலிகள் அனைத்தையும் நீக்கிவிடும். நீக்கியவற்றின் பட்டியல் ஒன்றை டெஸ்க்டாப்பில் வைக்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் நாம்தான் மறுபடி நிறுவ வேண்டும். ஆஃபீஸின் உரிமக் குறியீடு எங்கே என்று தேட வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள் அதன் டிரைவரைத் தேட வேண்டும். ஆப்டேட்டாவும் இருந்த இடத்தில் இருக்காது. விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கப்பட்டுவிடும். அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் போய் எடுப்பார்.

இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. விண்டோஸ் உள்ளே வராவிட்டாலும், தொடர்ந்து சில முறை பூட் ஆகாமல் போனதும் தானாக வரும் நீலத் திரையிலிருந்து ரீசெட்டைத் தொடங்கலாம். 'கிளவுட் டவுன்லோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சுமார் 4 ஜிபி இறக்கிப் புதிய பிரதியை நிறுவும். உள்ளே இருக்கும் பழுதான பிரதியை நம்ப வேண்டியதில்லை. ஆனால் பாதியில் கரண்ட் போனால் நிலைமை சிக்கல்தான். டெஸ்க்டாப் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு, பேட்டரியும் நிறைந்த பிறகு தொடங்குங்கள்.

ஃபார்மட் செய்யாமல் புதிதாகப் போடுவது

பென்டிரைவிலிருந்து பூட் செய்து, பழைய விண்டோஸ் இருக்கும் அதே பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட்டையும் டிலீட்டையும் தொடாமல் 'நெக்ஸ்ட்' கொடுத்தால் பழைய விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் மூன்றும் விண்டோஸ்.ஓல்டுக்குள் நகர்த்தப்படும். பிறகு அங்கே போய் நம் பெயர் ஃபோல்டரைத் திறந்தால், அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்கும். தொடரச் சொன்னால் திறக்கும். சுத்தமான நிறுவலும் கிடைக்கிறது, பழைய பொருள்களும் கிடைக்கின்றன.

இதை ஒரு பேக்கப்பாக நினைக்காதீர்கள். விண்டோஸ்.ஓல்டு தற்காலிகமானது. மேம்படுத்தலுக்குப் பிறகு வரும் விண்டோஸ்.ஓல்டை 10 நாளில் விண்டோஸே அழித்துவிடும். இதற்கும் அதே கணக்கை வைத்துக்கொண்டு, முதல் நாளே எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் புதிய செட்டப் தொடங்கும்போதே கோப்புகள், செயலிகள், அமைப்புகள் எல்லாம் அழியும் என்று எழுதி, ஒப்புக்கொண்டு டிக் செய்யச் சொல்கிறது. அந்த வாக்கியத்தை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு நடப்பதே நல்லது.

டி டிரைவ் நம்பிக்கை

நம் ஊரில் அசெம்பிள் செய்த கணினி என்றால் சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். நல்ல வழக்கம்தான். சி-யை மட்டும் ஃபார்மட் செய்தால் டி தப்பிக்கும். ஆனால் இந்த நம்பிக்கையில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, செட்டப் திரை. அங்கே சி, டி என்று எழுதியிருக்காது. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 1', 'பார்ட்டிஷன் 2', 'பார்ட்டிஷன் 3' என்று வரிசையாக நிற்கும், பக்கத்தில் அளவும், டிரைவுக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரும் இருக்கும். பெயர் வைக்காமல், சி-யும் டி-யும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் எது எது என்று சொல்வது கடினம். நான் செய்வது இது: வேலையைத் தொடங்கும் முன், விண்டோஸுக்குள் இருக்கும்போதே டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அந்தத் திரையை கைபேசியில் படம் எடுத்துக்கொள்வேன். டிரைவுகளுக்குப் பெயரும் வைத்துவிடுவேன். டி-க்கு 'தொடாதே' என்று. கணினியில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தால், கோப்புகள் இருக்கும் டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் செட்டப்பைத் தொடங்குவேன். கழற்றிய டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது.

இரண்டாவது ஓட்டை, டி-யும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் செத்தால் சி, டி, இ மூன்றும் ஒன்றாகப் போகும்.

டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றையே டி-க்கு மாற்றி வைக்கும் வசதியும் இருக்கிறது. அந்த ஃபோல்டரின் பிராப்பர்ட்டிஸில் லொக்கேஷன் பகுதியில் மாற்றலாம். மாற்றும்போது டி டிரைவில் அதற்கென ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். வெறுமனே டி டிரைவையே காட்டினால் டிரைவ் முழுவதும் டாகுமென்ட்ஸ் ஆகிவிடும், திரும்ப மாற்றுவது பெரும்பாடு. அக்கா மாதிரி எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் வைப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது. ஆனால் இதையும் முழுக்க நம்ப முடியாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 மேம்படுத்தல், இப்படி இடம் மாற்றி வைத்த சிலரின் பழைய இடத்து ஃபோல்டர்களை அதில் மிச்சமிருந்த கோப்புகளோடு சேர்த்து அழித்தது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் அதை நிறுத்திவைத்து, திருத்தி, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. அது சாதாரண மேம்படுத்தல்தான், யாரும் ஃபார்மட் போடவில்லை.

புது எஸ்எஸ்டி

பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் லேப்டாப் மெதுவாகிவிட்டது, அதனால் ஓஎஸ் மாற்ற வேண்டும் என்று யாராவது வந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்குங்கள். அதில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி உறைக்குள் போட்டு அலமாரியில் வையுங்கள். இந்த வழியில் எதுவுமே அழிக்கப்படுவதில்லை. சி இருக்கிறது, ஆப்டேட்டா இருக்கிறது, பாமினி எழுத்துரு இருக்கிறது. மறந்துபோன ஒன்று மூன்று மாதம் கழித்து ஞாபகம் வந்தாலும் போய் எடுக்கலாம். மற்ற எல்லா வழிகளிலும் 'எதை எடுக்க வேண்டும்' என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், இதில் வேண்டாம். செலவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் வேகமும் சேர்ந்து கிடைக்கிறது.

பழைய டிஸ்க்கே நோயாளியாக இருக்கலாம் என்பதும் இதற்கு ஒரு காரணம். கணினி மெதுவாவதற்கு விண்டோஸ் காரணம் என்று நினைத்து, பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்ட பகுதி) விழுந்த டிஸ்க்கின் மேலேயே மறுபடி நிறுவினால், அந்த எழுத்துச் சுமையே அதன் கடைசி மூச்சாகிவிடலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியை ஓட்டிப் பார்த்தால் டிஸ்க்கின் நலம் தெரியும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் நிறுவும் பேச்சையே விட்டுவிட்டு முதலில் காப்பி எடுங்கள்.

லினக்ஸுக்குப் போகிறவர்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசசரும் இல்லாத கணினிகளில் பலர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட், உபுண்டு என்ற இலவச இயங்குதளங்களைப் போடுகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் நிறுவும்போது 'இரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சி மட்டுமல்ல, டி, இ எல்லாம் போகும். விண்டோஸ் பழக்கத்தில் 'டி-ல இருக்கு' என்று இருப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

லினக்ஸுக்குள் போய்விட்ட பிறகு நிலைமை நல்லது. நம் கோப்புகளும் அமைப்புகளும் 'ஹோம்' என்ற ஒரே இடத்தில் இருக்கும். அதை முதலிலேயே தனிப் பகுதியாகப் பிரித்து வைத்தால், அடுத்த முறை நிறுவும்போது ஃபார்மட் செய்யாமல் அதே பகுதியை ஹோம் என்று காட்டி, பழைய பயனர் பெயரையே கொடுத்தால் போதும். புக்மார்க் முதல் மின்னஞ்சல் வரை வைத்த இடத்தில் இருக்கும். விண்டோஸில் ஆப்டேட்டாவால் வரும் தலைவலி இங்கே இல்லை.

கணினி திறக்கவே இல்லை என்றால்

அப்போதும் கோப்புகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். உபுண்டு பென்டிரைவில் பூட் செய்து, நிறுவாமல் 'டிரை' கொடுத்து, கோப்புகளை எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்கு மாற்றலாம். அது கையில் இல்லை, விண்டோஸ் பென்டிரைவ் மட்டும்தான் இருக்கிறதா? செட்டப்பின் முதல் திரையில் ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புச் சன்னல் வரும். நோட்பேட் என்று தட்டி எண்டர் கொடுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் டிரைவுகள் எல்லாம் தெரியும். அந்தச் சிறிய பெட்டிக்குள்ளேயே வலது சொடுக்கில் காப்பி, பேஸ்ட் வேலை செய்யும். டிரைவ் எழுத்துகள் மட்டும் மாறியிருக்கும். சி என்று நினைத்தது அங்கே டி ஆக நிற்கலாம், உள்ளே திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு தடை வரலாம். புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த விண்டோஸ் 11-இல் நமக்கே தெரியாமல் அது செயல்பாட்டில் இருக்கலாம். வெளியிலிருந்து திறக்க 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே போய்ப் பார்த்து எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

ஃபார்மட் ஆன பிறகு ரெகவரி கடைக்குப் போகலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க் காலத்தில் அது ஓரளவு நடந்தது. எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்ததும் டிரிம் என்ற ஏற்பாடு காலியான இடங்களைத் துடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு கிடைப்பது அரிது.

நான் எப்படி முடிவு செய்கிறேன்

எந்த வழியானாலும் முதலில் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதையும், ஆப்டேட்டாவோடு சேர்த்து, காப்பி எடுக்கிறேன். இரண்டு பக்கமும் பிராப்பர்ட்டிஸில் கோப்புகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நாலு படம், ஒரு வேர்டு கோப்பு, ஒரு வீடியோ திறந்து பார்ப்பேன். ஒன்டிரைவ் பயன்படுத்துபவர் என்றால் கோப்புகளின் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா என்று கவனிப்பேன். மேகக் குறி இருந்தால் கோப்பு கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. இலவச ஒன்டிரைவில் 5 ஜிபிதான், ஆகவே 'எல்லாம் கிளவுடில் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அதையும் திறந்து பார்த்துவிடுவேன்.

அதன் பிறகு வழி தானாகத் தெரிந்துவிடும். விண்டோஸ் ஓடுகிறது, ஏதோ கோளாறு என்றால் மேலேயே போடுவேன். வைரஸ் என்றால் முழு ஃபார்மட். படமும் ஆவணமும் மட்டும் திரும்ப வரும், இஎக்ஸ்இ கோப்பு ஒன்றுகூட வராது. ஹார்ட் டிஸ்க் லேப்டாப் என்றால் எஸ்எஸ்டி. ரீசெட்டை, பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லாமல், தொலைபேசியில் சொல்லிச் செய்ய வைக்க வேண்டிய நேரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஃபார்மட் செய்யாமல் போடும் வழியை நான் விரும்பிச் செய்வதில்லை. காப்பி எடுக்க இன்னொரு டிஸ்க் கிடைக்காதபோது மட்டும்.

போன வருடம் அக்காவின் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டேன். படங்கள், மகளின் பள்ளிச் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மாற்றினோம். எல்லாம் வந்துவிட்டது என்றார். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். "டேய், ஸ்க்ரீன்ல மஞ்சக் கலர்ல ஒட்டி வச்சிருந்தேனே, கேஸ் புக் நம்பர், ஈபி நம்பர், அம்மாவோட மாத்திரை பேரெல்லாம், அது எங்கடா?" பழைய ஹார்ட் டிஸ்க்கை உறையோடு அலமாரியிலிருந்து எடுத்துச் செருகி, ஆப்டேட்டாவுக்குள் இருந்த ஸ்டிக்கி நோட்ஸ் கோப்பை எடுத்துப் புதிய இடத்தில் போட்டேன். மஞ்சள் சீட்டுகள் அத்தனையும் திரையில் வந்து நின்றன.